இரண்டு விரல் நுனியில் ஒரு விமானம்

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது, "பிள்ளைகளுக்கு நாலு புத்திமதி சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். ரேடியோ கருவியால் பறக்கவிடும் சின்ன விமானத்தை எந்த இடத்தில் விரல் வைத்துத் தூக்கினால் அது சமமாக நிற்கும் என்பதுதான் அது. "இதற்கா சுபாங்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்தார் இவர்?" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

நான் 1983ஆம் ஆண்டு இந்தப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவன். 1987இல் இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் படித்தபோது விமானப் பித்து பிடித்தது. நண்பன் ஒருவன் கொடுத்த பழைய ஆங்கில மாத இதழில் ஒரு விமானத்தின் வரைபடம் இருந்தது. சனி, ஞாயிறு தவறாமல் காய்கறித் தோட்டத்தில் கோபிசு கழுவி, கூடையில் அடுக்கி, ஏழு மாதம் காசு சேர்த்தேன். அதுவும் போதவில்லை. தீபாவளிக்கென்று அம்மா போட்டுவைத்த சீட்டுப் பணத்திலிருந்து மிச்சத்தைக் கொடுத்தார்கள். ஈப்போவில் ஒருவரிடம் பழைய ரேடியோ கருவியும், கைக்குள் அடங்கும் ஓர் எஞ்சினும் வாங்கினேன். அந்த ஆண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை. இதை இப்போது சொல்வது சுலபம். அன்றைக்குத் தங்கச்சியின் முகத்தைப் பார்ப்பது சுலபமாக இல்லை.

அந்த எஞ்சின் பெட்ரோலில் ஓடாது. மெத்தனாலோடு விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள்தான் அதற்கு. பாட்டி நமக்கு மூக்கைப் பிடித்துப் புகட்டும் அதே ஆமணக்கு எண்ணெய்தான். எஞ்சின் ஓடினால் லயம் முழுக்க வாசம் அடிக்கும். "யாருக்குடா பேதி மருந்து?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்பார்கள்.

விமானம் செய்யப் பால்சா என்னும் மரம் வேண்டும். பஞ்சுபோல இலேசான மரம் அது. என்னிடம் இருந்த பால்சா உடலுக்கும் இறக்கைக்குமே சரியாகப் போய்விட்டது. வாலுக்கு இல்லை. கையில் காசும் இல்லை. அப்போது தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறம் உடைந்த தேயிலைப் பெட்டிகள் கிடந்தன. அந்த ஒட்டுப்பலகையை எடுத்து வந்து அறுத்து, வழவழவென்று தேய்த்து, வாலாக ஒட்டினேன். அதன்மேல் சிவப்பு வண்ணம் இரண்டு கை. அதற்கும் மேல் என் பெயர். பார்க்க அவ்வளவு அழகு!

வரைபடத்தில் இறக்கைக்கு அருகே ஒரு சிறு வட்டம் இருந்தது. நான்காகப் பிரித்து இரண்டு பாகம் கறுப்பு, இரண்டு பாகம் வெள்ளை. அதைக் கம்பெனி முத்திரை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. படிக்கவில்லை. விமானத்தின் மொத்தக் கனமும் கூடும் புள்ளி அதுதான் என்பது எனக்கு அன்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூடுபனி விலகியதும், இதோ இந்தத் திடலில்தான் நண்பன் அதை வீசிவிட்டான். வீசியதுமே மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கியது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு கல் மாதிரி விழுந்தது. நான் பதறிக் குச்சியைத் தள்ள, மறுபடியும் எழுந்தது, மறுபடியும் மூக்கைத் தூக்கியது, பக்கவாட்டில் புரண்டது. திடலைத் தாண்டித் தேயிலைச் சரிவில் மூன்றாவது வரிசையில் போய்ச் செருகிக்கொண்டது. அங்கே கூடுதல் வேலைக்கு வந்த பெண்கள் மூன்று பேர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தடி தூரம்தான் இருக்கும். அந்த விசிறி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. கையில் பட்டால் விரல் இருக்காது. அந்த மூவரில் ஒருவர் எங்கள் பெரியம்மா. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சிதறிய துண்டுகளைப் பொறுக்கித் தம் கொழுந்துக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலையில் அப்பா வந்தார். அப்பா மூன்றாம் வகுப்புவரை படித்தவர். தொழிற்சாலை ஸ்டோரில் பெட்டி அடுக்கி, தாப்பாவுக்கு இறங்கும் லோரிகளில் பாரம் ஏற்றுவது அவர் வேலை. துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டவேண்டியதை ஒட்டச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, இது எஞ்சின் கோளாறு" என்றேன். அவர் பதில் பேசவில்லை. பசை காய்ந்த பிறகு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இறக்கையின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக வைத்து மெல்லத் தூக்கினார். வால் தொப்பென்று கீழே போயிற்று. விரல்களைப் பின்னால், இன்னும் பின்னால் நகர்த்தி, ஓர் இடத்தில் அது நின்றதும், "பாருடா" என்றார்.

"வால் கனம்டா தம்பி. பின்கதவுகிட்ட பூராத்தையும் அடுக்குன லோரி மாதிரி இருக்கு. பின்னச்சுக்குப் பின்னால பாரம் போனா முன்சக்கரம் லேசாயிரும். அப்புறம் ஸ்டியரிங்கு கேக்காது. வளைவுல நீ ஒரு பக்கம் திருப்புவ, அது நேரா பள்ளத்துக்குப் போவும்."

தாப்பா சாலையின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். புத்தகத்தில் புவியீர்ப்பு மையம் என்று பின்னாளில் நான் படித்ததை, அவர் முப்பது ஆண்டுகள் முதுகால் படித்திருந்தார். 'உங்களுக்குத் தெரியாது' என்று சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் 2009இல் காலமானார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் வீட்டில் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பீர்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

சரி, ஏன் அப்படி ஆகிறது? அம்பை எண்ணிப் பாருங்கள். கனமான இரும்பு முன்னால், காற்றைப் பிடிக்கும் இறகு பின்னால். எய்தால் நுனி முன்னே போகிறது. கனத்தைப் பின்னாலும் இறகை முன்னாலும் வைத்தால் வானத்திலேயே திரும்பிக்கொள்ளப் பார்க்கும். விமானமும் அப்படித்தான். இறக்கையும் வாலும் சேர்ந்து காற்றைப் பிடிப்பதற்கு ஒரு நடுப்புள்ளி உண்டு. கனத்தின் நடுப்புள்ளி அதற்கு முன்னால் இருக்கவேண்டும். அப்படி இருந்தால், ஒரு காற்று வந்து மூக்கைத் தூக்கினாலும் வால் அதைத் தானாகவே கீழே கொண்டுவரும். பின்னால் போய்விட்டால், மூக்கு கொஞ்சம் தூக்கியதும் மேலும் தூக்கும், மேலும் மேலும் தூக்கும். அதைக் கையால் பிடித்து நிறுத்த எவராலும் முடியாது.

இதைக் கண்டுபிடிக்க உலகமே அவதிப்பட்டிருக்கிறது. 1871இல் பாரிஸ் நகரில் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சுக்காரர் ரப்பர் பட்டையை முறுக்கி, வால் வைத்த ஒரு பொம்மை விமானத்தை 11 விநாடிகள் பறக்கவிட்டுக் காட்டினார். சுமார் 40 மீட்டர் தானாகவே போயிற்று. ஜெர்மனியில் ஓட்டோ லிலியென்தால் இறக்கைகளைக் கட்டிக்கொண்டு குன்றிலிருந்து மிதந்தார். அவருக்குச் சுக்கான், விசை ஒன்றும் கிடையாது. தம் கால்களை முன்னும் பின்னும் ஆட்டி, கனத்தை நகர்த்தித்தான் சமாளித்தார். 1896 ஆகஸ்டில் ஒரு காற்று மூக்கைத் தூக்கிவிட, விழுந்து உயிரிழந்தார். ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17இல் பறந்தார்களே, அந்த முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. அந்த விமானமும் குதிரை மாதிரி எகிறி எகிறித்தான் போயிற்று, கனம் பின்னால் இருந்ததால். அடுத்த ஆண்டு விமானத்தின் முன்புறம் சுமார் 70 ராத்தல் இரும்பைக் கட்டிப் பார்த்தார்கள். அப்புறம்தான் கொஞ்சம் அடங்கியது. அப்படிப்பட்ட மேதைகளே இரும்பு கட்டியிருக்கிறார்கள் என்று படித்தபோது, என் தேயிலைப் பெட்டி வாலைப் பற்றி இருந்த வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

நானும் ஈயம் கட்டத்தான் நினைத்தேன். தூண்டில் ஈயக்குண்டு கைவசம் இருந்தது. அப்பா, "முன்னாடி ஏத்தாத, பின்னாடி எறக்கு" என்றார். ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் என்னோடு போடலாம்.

என் விமானம் 1,200 கிராம். இறக்கையின் அகலம் 24 சென்டிமீட்டர். அது இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 7 சென்டிமீட்டரில் நின்றிருக்கவேண்டும். நின்றதோ 11இல். 4 சென்டிமீட்டர் பிசகு. 1,200ஐ 4ஆல் பெருக்கினால் 4,800. இதுதான் தீர்க்கவேண்டிய கடன். மூக்கு, நிற்கவேண்டிய புள்ளியிலிருந்து 24 சென்டிமீட்டர் முன்னால் இருந்தது. 4,800ஐ 24ஆல் வகுத்தால் 200. ஆக, மூக்கில் 200 கிராம் ஈயம் வேண்டும். வாலோ 60 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. 4,800ஐ 60ஆல் வகுத்தால் 80. வாலில் 80 கிராம் குறைத்தால் போதும். ஈயம் கட்டினால் விமானம் 1,400 கிராம். வாலைக் குறைத்தால் 1,120 கிராம். இரண்டும் சமமாகத்தான் நிற்கும். ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் பங்கு கனம்.

இந்தக் கால் பங்கு கோலாலம்பூரில் பரவாயில்லை. நம் மலையில் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். இங்கே காற்று கடற்கரையைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு மெல்லியது. இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சுக் குறைவு. அதே விமானம் இங்கே கூடுதல் வேகத்தில்தான் இறங்கவேண்டும். கனமும் கூடினால் வேகம் இன்னும் கூடவேண்டும். அவ்வளவு வேகத்தில் இறங்க நீளமான இடம் எங்கே இருக்கிறது? தானா ராத்தா என்றால் மலாய் மொழியில் சமநிலம் என்று பொருள். பெயர் வைத்தவர் நம் தோட்டத்துப் பக்கம் வந்து பார்க்கவில்லை போலிருக்கிறது!

அப்பா சொன்னபடி பெட்டிப் பலகையைப் பெயர்த்தெறிந்தேன். மேலும் நான்கு வாரம் கோபிசு கழுவிப் பால்சா வாங்கினேன். வண்ணம் ஒரே கை. பெயர் எழுதவில்லை. விமானம் பறந்தது. எவ்வளவு நேரம் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அப்பா திடலின் ஓரத்தில் பீடியைப் பற்றவைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இனி, இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் யாராவது விமானம் செய்யக்கூடும். அவர்களுக்காகச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வரைபடத்தில் அந்தக் கறுப்பு வெள்ளை வட்டத்தைத் தேடுங்கள். எண் கொடுத்திருந்தால் அதுவே வேதம். கொடுக்காவிட்டால், வால் பின்னால் உள்ள சாதாரண விமானத்துக்கு, இறக்கை அகலத்தில் முன் விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். 24 சென்டிமீட்டர் இறக்கைக்கு 6 முதல் 8. புதிதாகப் பழகுபவர்கள் முன்பக்கமாகவே இருங்கள். இறக்கை நுனியில் குறுகிப் போயிருந்தால் சராசரி அகலத்தை எடுத்துக் கணக்கிடவேண்டும், அதை ஆசிரியரிடம் கேளுங்கள். குறித்த இடத்தில் இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போடுங்கள். விசிறி, சக்கரம், பேட்டரி, திருகாணி என்று பறக்கும்போது எதெல்லாம் இருக்குமோ அதெல்லாம் பொருத்திய பிறகே தூக்கிப் பாருங்கள். "பேட்டரியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்" என்று சோதித்தால் அந்தச் சோதனை வீண். இறக்கை உடலின் மேலே இருந்தால் நேராகவும், கீழே இருந்தால் கவிழ்த்தும் தூக்குங்கள். மூக்கு ஒரு இழை கீழே சாய்ந்து நின்றால் நல்லது. மூக்கு அளவுக்கு மீறிக் கனத்தாலும் தொல்லைதான், இறங்கும்போது தூக்க முடியாமல் குத்திக்கொள்ளும். ஆனாலும் அதில் விமானம் சொன்ன பேச்சைக் கேட்கும், நீங்கள் பிழையைப் படித்துக்கொள்ளலாம். வால் கனத்தில் படித்துக்கொள்ள நேரமே கிடைக்காது.

எண்ணெய் எஞ்சினாக இருந்தால் தொட்டியைக் காலியாக வைத்துத்தான் சோதிக்கவேண்டும். இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பினாங்கில் நாசி கந்தார் என்கிறோமே, அந்தப் பெயர் எப்படி வந்தது? நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் ஒரு தடியை வைத்து, ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறியுமாகத் தூக்கிச் சென்று விற்றார்கள். அந்தத் தடிக்குத்தான் கந்தார் என்று பெயர். ஒரு பக்கம் விற்கவிற்கத் தோளைத் தடியின் கீழே நகர்த்திக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் குழம்பு தெருவில். விமானத்துக்குத் தோளை நகர்த்த வழியில்லை. தொட்டி பெரும்பாலும் மூக்குப்பக்கம் இருக்கும். என் விமானத்தில் எண்ணெய் ஏறத்தாழ 150 கிராம். அது எரிந்து தீரும்போது சமநிலைப் புள்ளி ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் போகும். நிறைந்த தொட்டியோடு சரிபார்த்தவன் ஏறும்போது மகிழ்வான், இறங்கும்போது அழுவான்.

இன்றைய பிள்ளைகள் கையில் இருப்பது பெரும்பாலும் நுரைப் பலகை விமானம், மின்சார மோட்டார். எண்ணெய் வாசமும் இல்லை, எரிந்து குறைவதும் இல்லை. இவற்றில் பேட்டரிதான் பெரிய கனம், அதை முன்னும் பின்னும் தள்ளியே முக்கால்வாசிக் குறையைத் தீர்த்துவிடலாம். ஈயம் கடைசி மருந்து. தள்ளிய பிறகு அது நகராமல் பட்டை போட்டு இறுக்குங்கள்.

இதெல்லாம் விளையாட்டுதானே என்று பெற்றோர் நினைக்கலாம். சுபாங்கில் நான் வேலை பார்க்கும் பெரிய விமானங்களையும் இப்படித்தான் எடை போடுகிறோம். விரல் நுனிக்குப் பதிலாகத் தராசுகள், அவ்வளவே. ஒவ்வொரு தராசின் எடையையும் அதன் தூரத்தால் பெருக்கி, கூட்டி, வகுக்கிறோம். அதே ஆறாம் ஆண்டுக் கணக்கு. சின்ன விமானங்களில் பயணிகளையே "ஐயா, கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்" என்று இடம் மாற்றுவார்கள். சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் கல்லூரி 1949இல் தொடங்கப்பட்டது. இராமேசுவரத்து அப்துல் கலாம் அங்கேதான் விமானப் பொறியியல் படித்தார். ஒரு போர் விமான வடிவமைப்பை ஒழுங்காகச் செய்யவில்லை என்று பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு கொடுத்து, தவறினால் உபகாரச் சம்பளத்தை நிறுத்திவிடுவேன் என்றாராம். கலாம் இரவெல்லாம் வரைபலகையில் கிடந்து முடித்தார். அதே கல்லூரியின் தக்‌ஷா என்னும் மாணவர் குழுவுக்கு 2018இல் நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்தார். ரேடியோ விமானம் பறக்கவிடுவதில் அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம். (இப்போது மட்டும் கைதட்டுகிறீர்கள், பார்த்தீர்களா!)

இதோ, இந்த மேசைமேல் இருக்கும் விமானத்தை உங்கள் பள்ளிக்கென்று இரண்டு மாதமாகச் செய்தேன். இன்னும் பறக்கவிடவில்லை. சமநிலைப் புள்ளியையும் வேண்டுமென்றே பார்க்கவில்லை. வாலில் ஒரு கோளாறு வைத்திருக்கிறேன், என்ன என்று சொல்லமாட்டேன். தேநீர் முடிந்ததும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் திடலுக்கு வாருங்கள். ஒரு பென்சிலும் அடிக்கோலும் போதும். லோரியில் பாரம் ஏற்றிப் பழகிய அப்பாமார் யாராவது இருந்தால் அவர்களையும் கையோடு அழைத்து வாருங்கள். அவர்கள் சொன்ன பிறகு பிள்ளைகள் கணக்குப் போடட்டும். சரிவில் கொழுந்து எடுப்பவர்கள் யாரும் இல்லை என்று மண்டோரிடம் கேட்டுவிட்டேன். பனி இறங்குவதற்குள் போய்விடுவோம்.